வெங்காயப் பாத்தியும் காளான் குடிலும்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடும் ஒரு வீடு. கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளானும் வளர்க்கிறார்கள். அந்த வீட்டுக்கு மருந்துக்கடையிலிருந்து இரண்டு பொட்டலங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் டிரைக்கோடெர்மா விரிடி, டால்க் தூளில் கலந்து அடைத்த உயிர்ப் பூசணம். மற்றதில் கார்பென்டாசிம், பாவிஸ்டின் என்ற வணிகப் பெயரால் ஊரறிந்த பூசணக்கொல்லி.

முதல் பொட்டலம் வெங்காயப் பாத்திக்குப் போனால் அது காவல். அதே இனத்துப் பூசணம் காளான் படுக்கையில் தலைகாட்டினால் அது பச்சைப் பூசண நோய். இரண்டாம் பொட்டலம் படுக்கையில் அந்த நோயைத் தடுக்கும். அதையே பாத்தியில் ஊற்றினால், முன்பு இட்ட காவலைக் கொன்றுவிடும். பொட்டலம் இரண்டு, இடம் இரண்டு, சந்திப்பு நான்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் தீர்ப்பு மாறுகிறது. காளானில் பச்சைப் பூசணத்தை மருந்தால் அடக்குவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிய, இந்த வயலையும் குடிலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வயலிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை நேர்த்திப் பரிந்துரை. மண்ணில் இடுவதானால் எக்டருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்தோடு கலந்து இடவேண்டும். தூளில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்கவேண்டும் என்பது நாட்டின் தர விதி. ஆக, ஒரு கிலோ விதையின்மேல் குறைந்தது 80 லட்சம் ஏறுகின்றன. பருத்தி, நிலக்கடலையின் வேரழுகலுக்கும் வெங்காயத்தின் அடித்தாள் அழுகலுக்கும் காரணமான பூசணங்கள் வேரை நெருங்குவதற்குள் இவை வேரைச் சூழ்ந்து குடியேறிவிடவேண்டும், எதிர்பார்ப்பு அதுதான்.

குடிலில் எதிர்பார்ப்பு நேர்மாறு. வயலில் 80 லட்சத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிற அதே கை, இங்கே ஒன்றுகூட உள்ளே வந்துவிடக் கூடாது என்று வாசலில் கால் நனைக்கத் தொட்டி வைக்கிறது. அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓர் உருளைப் படுக்கையில் காளான் வித்து முழுதும் பரவ 15 முதல் 20 நாள் பிடிக்கும். பச்சைப் பூசணத்துக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. 3, 4 நாளில் கைப்பிடி அளவு இடத்தைப் பிடித்துவிடும். தொடக்கத்தில் அதுவும் வெள்ளைதான். காளான் இழையோடு இழையாகக் கிடக்கும்போது பழகிய கண்ணே ஏமாறும். பச்சை கண்ணுக்குத் தெரியும் வேளையில் கோடிக்கணக்கான வித்துகள் உதிர ஆயத்தமாகிவிட்டன. பச்சையை நோயின் தொடக்கம் என்று எண்ணுவது தவறு. அது அந்தப் பூசணத்தின் அறுவடைக் காலம்.

இரண்டு இடத்திலும் அது செய்யும் வேலை ஒன்றே என்பதுதான் முதல் வியப்பு. டிரைக்கோடெர்மா மண்ணில் வாழும் பிற பூசணங்களைப் பற்றி உண்ணும் ஒட்டுண்ணி என்பதை வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இல் எழுதினார். இழையைத் தேடிப்போய்ச் சுற்றிக்கொள்ளும். கைட்டினையும் குளுக்கனையும் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து செல்சுவரைக் கரைக்கும். உள்ளிருப்பதை உறிஞ்சும். கரைபடுவது வேரழுகல் பூசணத்தின் சுவர் என்றால் நாம் அதை உயிரியல் கட்டுப்பாடு என்கிறோம். கரைபடுவது காளானின் சுவர் என்றால் நோய்த் தாக்குதல் என்கிறோம். இரண்டு சுவருக்கும் கட்டுமானப் பொருள் ஒன்றே. இந்தப் பூசணத்தின் சில வகைகள் வளரும்போது தேங்காய் மணம் வீசும். ஆய்வுக்கூடத்தில் வளர்தட்டைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அந்த மணத்தைத் தரும் சேர்மமும் பிற பூசணங்களை ஒடுக்கும் ஆயுதங்களில் ஒன்று. மணமும் ஆயுதமும் வயலில் ஒரு விதம், குடிலில் ஒரு விதம் என்று இல்லை.

பசியிலும் அப்படித்தான். பருத்தி உழவருக்கு வேர்க்காவலனாக வரும் இந்தக் குடும்பத்தில், பருத்தியையே தின்ற உறுப்பினர் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளும் கூடாரங்களும் மட்கிப்போயின. அங்கே பிரித்தெடுத்த பூசணம் பின்னாளில் டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் பெற்று, இன்று உலகம் முழுவதும் செல்லுலோஸ் சிதைக்கும் நொதிக்காகத் தொழிற்சாலைகளில் வளர்க்கப்படுகிறது. நெல் வைக்கோலும் பெரும்பாலும் செல்லுலோஸ்தான். காளான் வித்துக்காக நாம் நறுக்கி, நனைத்து, பதமாக்கி வைக்கும் வைக்கோல் இந்தக் குடும்பத்துக்கும் விருந்து. பந்தி ஒன்று, உண்ண வருவோர் இருவர்; யார் முந்தி உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பொட்டலத்தில் இருப்பதும் படுக்கையில் வருவதும் எப்போதும் ஒரே சிற்றினம் அல்ல. 1985இல் வட அயர்லாந்தின் மொட்டுக் காளான் பண்ணைகளில் கிளம்பி, அடுத்த பத்தாண்டில் வட அமெரிக்கா வரை பெருநட்டம் உண்டாக்கிய பூசணத்தை முதலில் டிரைக்கோடெர்மா ஹார்சியானம் என்றே அழைத்தார்கள். அதே ஹார்சியானம் வயலுக்கான பொட்டலங்களிலும் விற்றுக்கொண்டிருந்தது. உழவர்களின் நண்பனா இப்படிச் செய்தது என்ற கேள்வி எழுந்தது. 2002இல் அது வேறு சிற்றினம் என்று காட்டி அக்ரெசிவம் என்று பெயரிட்டபோது அந்தப் பழி நீங்கியது. சிப்பிக் காளானைத் தாக்கும் இரண்டு சிற்றினங்களுக்கு 2006இல் தனிப் பெயர்கள் கிடைத்தன. விரிடி என்று விற்ற பல வகைகளும் உண்மையில் அஸ்பெரெல்லம் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் நம் நாட்டுச் சிப்பிக் காளான் படுக்கைகளிலிருந்து ஹார்சியானமும் அஸ்பெரெல்லமும் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே பொட்டலத்துக்குப் படுக்கையோடு உறவே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இனி இரண்டாம் பொட்டலம். சிப்பிக் காளானுக்கு வைக்கோலை மருந்தில் ஊறவைக்கும் முறை சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 1987இல் வெளிவந்தது. 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பென்டாசிம் தூள், 125 மில்லி ஃபார்மலின். 10 முதல் 12 கிலோ வைக்கோலை அதில் அமிழ்த்தி, பீப்பாயின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடி, 16 முதல் 18 மணி நேரம் வைக்கவேண்டும். விறகும் கொதிகலனும் இல்லாத சிறு குடிலுக்கு இது பெரிய வரமாக வந்தது. வெந்நீர் முறையில் வைக்கோலைக் கொதிநீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்து எடுக்கவேண்டும். பீப்பாய் முறையில் இரவு ஊறப்போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஆனால் கேள்வி இதுதான்: காளானும் பூசணமே, பச்சையும் பூசணமே. பூசணக்கொல்லி ஒன்றைக் கொன்று ஒன்றை எப்படி விடுகிறது?

செல் பிரியும்போது உட்கருவை இழுத்துப் பிரிக்க நுண்குழல்கள் வேண்டும். அவற்றைக் கட்டும் செங்கல் டியூபுலின் என்ற புரதம். கார்பென்டாசிம் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு குழல் எழும்பாமல் செய்துவிடும். டிரைக்கோடெர்மாவின் டியூபுலினில் அது நன்றாகவே ஒட்டுகிறது. லிட்டருக்கு மிகச் சிறிய அளவே அதை நிறுத்திவிடும். சிப்பிக் காளான் சேர்ந்த குடைப்பூசண வகுப்பில் பலவற்றின் டியூபுலினில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. மரத்தை மட்கவைக்கும் குடைப்பூசணங்களைப் பிரித்தெடுக்க விரும்பும் ஆய்வாளர்கள், மற்றவை வளராதிருக்க, இதே குடும்ப மருந்தான பெனோமிலை வளர்தட்டில் கலப்பது வழக்கம். பீப்பாயில் நடப்பதும் அதுவே. அந்த 100 லிட்டர் பீப்பாயை ஒரு மாபெரும் வளர்தட்டு என்று சொல்லலாம்.

அப்படியானால் மருந்து குடிலில் பச்சையை ஒழித்துவிடுகிறதா? இல்லை. அது 15, 20 நாள் அவகாசம் வாங்கித் தருகிறது. அதற்குள் காளான் இழை படுக்கையை நிறைத்துவிட்டால், பிறகு வந்து விழும் பச்சை வித்துக்கு உட்கார இடம் குறைவு. வயலுக்குத் திரும்பிப் பார்த்தால் அங்கேயும் இதே கணக்குத்தான். விதையின்மேல் ஏற்றிய டிரைக்கோடெர்மாவும் வேரழுகல் பூசணத்தை நிலத்திலிருந்து ஒழிப்பதில்லை. நாற்று வேர்பிடிக்கும் வரை இடத்தைப் பிடித்துவைக்கிறது. இங்கே முந்தவேண்டியது காளான்; அங்கே முந்தவேண்டியது பச்சை. குடிலில் மருந்து காளானுக்கு வழிவிடச் சொல்லும் காவலர். வயலில் அந்தக் காவலரே வந்துவிட்டால் வழி அடைபடும். டிரைக்கோடெர்மாவால் நேர்த்தி செய்த விதைக்குப் பூசணக்கொல்லி நேர்த்தி கூடாது என்று வேளாண் அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சொல்லளவில்கூட இரண்டும் நெருங்கி நிற்கின்றன. வயலில் விதை, குடிலில் வித்து. காளான் வித்து என்பது வேகவைத்த சோள மணியின்மேல் வளர்ந்த இழை. பச்சைப் பூசணம் முதலில் குறிவைப்பது பெரும்பாலும் அந்த மணியைத்தான். மாவுச்சத்து அதற்கு வைக்கோலைவிட எளிய தீனி. இதைக் கண்டுதான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1990களில் வித்து மணிகளின்மேலேயே பெனோமில் தூளைப் பூசத் தொடங்கினார்கள். பருத்தி விதைக்குக் கார்பென்டாசிம் பூசுவதற்கும் இதற்கும் செயலில் வேறுபாடே இல்லை. நம்மூர் விதை நேர்த்தி கடல் கடந்து வித்து நேர்த்தியாக நிற்பதைப் பார்க்கையில், இரு தொழில்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றுகிறது.

அந்த வித்து நேர்த்தி நெடுநாள் நிம்மதி தரவில்லை. 2001இல் தயாரிப்பாளரே பெனோமிலைக் கைவிட, அதன் இடத்துக்குத் தயோபனேட்-மெத்தில் வந்தது. இரண்டுமே உள்ளே போய்க் கார்பென்டாசிமாகத்தான் மாறும். சில ஆண்டுகளிலேயே அதை மதிக்காத பச்சைப் பூசணம் பண்ணைகளில் தோன்றிவிட்டது. ஒரே புரதத்தை நம்பிய மருந்துக்கு அந்தப் புரதத்தில் ஒரு சிறு மாற்றமே போதும்.

இதன் எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. இந்த எதிர்ப்புத்திறன் தானாக வருவதற்காகக் காத்திராமல், 1982இல் அமெரிக்க வேளாண் ஆய்வாளர் பாபவிசாசும் உடன் பணியாற்றியவர்களும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, பெனோமிலைத் தாங்கும் ஹார்சியானம் வகைகளை வேண்டுமென்றே உருவாக்கினார்கள். காரணம் நல்லதே: உழவர் மருந்தும் தெளிப்பார், டிரைக்கோடெர்மாவும் இடுவார், மருந்துக்குச் சாகாத காவலன் வேண்டும். வயலில் இருந்தவர்கள் எந்தப் பண்பை விளக்கேற்றித் தேடினார்களோ, குடிலில் இருந்தவர்கள் அதே பண்பு கண்டு கலங்கினார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒரு நாணயத்தின் இரு பக்கங்களை இரு வேறு ஊர்களில் அச்சடித்துவிட்டதைப் போல இருந்தது எனக்கு.

மருந்தின் கதையில் வயலும் குடிலும் எதிரெதிர் நிற்கின்றன என்றால், பச்சையைத் தடுக்கும் இன்னொரு வழியான சுண்ணாம்பின் கதையில் பெரம்பலூரும் அரியலூரும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் மீண்டும் சேர்ந்தது, 2007இல் மறுபடி தனியானது. பெரம்பலூர் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. விதை நேர்த்தியும் பூசணக்கொல்லியும் அந்த மண்ணின் அன்றாடப் பேச்சு. அரியலூரில் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் நெல், அதாவது வைக்கோல். மற்ற இடங்களில் தோண்டினால் சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகள் வந்ததே அதற்காக.

பச்சைப் பூசணத்துக்கு அமிலச் சூழல் உகந்தது. சிப்பிக் காளான் காரத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். இந்த இடைவெளியைத்தான் சுண்ணாம்பு பயன்படுத்துகிறது. வித்துக்கான சோளத்தில் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலப்பது நம் வித்துக்கூடங்களின் வழக்கம். பால் காளான் படுக்கையின்மேல் போடும் மேல்மண்ணிலும் அதைக் கலந்து காரத்தன்மையை உயர்த்துகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு கரைத்த நீரில் வைக்கோலை ஊறவைத்து, ஃபார்மலினும் கார்பென்டாசிமும் இல்லாமலே படுக்கை போடும் முறையும் பல நாடுகளில் உண்டு.

கார்பென்டாசிமையும் சுண்ணாம்பையும் ஒரே தராசில் வைத்தால் எடை மாறி மாறிச் சாய்கிறது. மருந்து மிகச் சிறிய அளவில் வேலை செய்யும். சுண்ணாம்பு கிலோக்கணக்கில் வேண்டும். மருந்து துல்லியமானது, அளவு தெரிந்தது; சுண்ணாம்பு நீரின் வீரியம் சுண்ணாம்பின் தரத்தையும் நீற்றிய பக்குவத்தையும் பொறுத்தது. ஆனால் மருந்து தாக்குவது ஒரு புரதத்தை. ஒரு திருப்பத்தில் பூசணம் அதிலிருந்து நழுவிவிடலாம். சுண்ணாம்பு மாற்றுவது தரையையே. அதிலிருந்து நழுவ, பூசணம் தன் வாழ்க்கை முறையையே மாற்றவேண்டும். நெடுநாள் நோக்கில் நான் சுண்ணாம்பின் பக்கமே சாய்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அரியலூர்க் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்த காலத்துச் சிப்பிகளின் ஓடுகள். கல்லை உடைத்தால் கிரைஃபியா என்ற சிப்பியின் வளைந்த ஓடு கையில் வரும். சிப்பியின் வடிவத்தால் பெயர் பெற்ற காளானைக் காக்க, கல்லாகிப்போன சிப்பி வருகிறது. இந்த உறவுக்கு ஆய்வு மதிப்பு எதுவும் இல்லைதான்; இருந்தும் விட்டுவிட மனம் வரவில்லை.

உடல்நலக் கணக்கில் வயலும் குடிலும் மீண்டும் பிரிகின்றன. வயலில் விதைக்கு ஏறிய மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே மாதங்கள் உண்டு. வெங்காயத்துக்குத் தோலும் உண்டு. காளானுக்குத் தோல் இல்லை, ஊறவைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடுகிறது. கார்பென்டாசிமுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்திருந்த ஒப்புதல் 2014இல் முடிந்தது. இந்தியாவில் 2020இல் தடைசெய்ய முன்மொழிந்து வெளியான 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. ஃபார்மலினின் சாரமான ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவுக்கு வந்தது. குடிலில் பீப்பாய் மூடியைத் திறந்து வைக்கோலை அள்ளுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கீற்றுக் கொட்டகையில் காற்றும் குறைவு. கண் எரியும் அந்தக் கணத்தை ஒரு தொழில் பழக்கமாக ஏற்றுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விறகுச் செலவைக் கணக்கிட்டு வெந்நீரைத் தள்ளும்போது இந்த எரிச்சலையும் கணக்கில் எழுதவேண்டும்.

மருந்து தேவைப்படும் இடத்தில் அது வைக்கோலோடு நிற்கட்டும். மொட்டு கண்ட படுக்கையின்மேல் தெளிப்பதில் நியாயம் இல்லை. சிறு புள்ளியாகப் பச்சை கண்டால் மருந்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுப்பது உண்டு; உலர்ந்த துணியால் துடைத்தால் பூசண வித்துகளைக் குடில் முழுவதும் தூவியதாகிவிடும். படுக்கையின் பாதி பச்சையானால் பஞ்சுக்கு வேலையில்லை, பையோடு வெளியேற்றவேண்டியதுதான். அளவில் ஐயம் இருந்தால் பெரம்பலூரில் வாலிகண்டபுரத்திலும் அரியலூரில் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன.

வயலும் குடிலும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. விரிடிப் பொட்டலத்தை வித்துப் பைகள் இருக்கும் அலமாரியில் வைக்கக் கூடாது. தொழுவுரத்தில் விரிடி கலந்த கையோடு குடிலுக்குள் போகக் கூடாது. பச்சைப் பூசணத்தைத் தின்று பெருகும் செந்நிற நுண்பேன்கள் அதன் வித்துகளை உடம்பில் சுமந்து படுக்கைக்குப் படுக்கை நடக்கும். மனிதரின் கைகால்களும் அதையே செய்கின்றன. ஆகவே காலையில் முதலில் குடில் வேலை, பிறகு வயல். வயலிலிருந்து வந்தால் குளித்து உடை மாற்றிய பிறகே குடில்.

வெளியேற்றிய படுக்கையைக் காற்று குடில் பக்கம் வீசாத மூலையில், எட்ட இருக்கும் எருக்குழியில் போட்டு மண் தள்ளுகிறார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த வைக்கோல் முழுதும் பச்சை ஏறுகிறது. யாரும் பதறுவதில்லை, நன்றாக மட்குகிறது என்கிறார்கள். அடுத்த பட்டத்தில் அந்த எரு வெங்காயப் பாத்திக்குப் போகும்.